பங்குதாரர்கள் வெளியேற, நிறுவனம் பாலிசிதாரர்கள் கைக்கு வருகிறது: ஓட்டுப் போடுமுன் என்ன பார்க்க வேண்டும்?

கடிதத்தின் சுருக்கம்

எழுதியவர் 51 வயது வாசகி. ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் 22 ஆண்டுகளாக, லாபத்தில் பங்கு தரும் இரண்டு போனஸ் பாலிசிகள் வைத்திருக்கிறார். இரண்டும் முதிர இன்னும் 9 ஆண்டுகள் உள்ளன. தனியே ஒரு டேர்ம் பாலிசியும் (காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது) உண்டு. அதே நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய அப்பா விட்டுச்சென்ற 400 பங்குகளும் இப்போது அவர் பெயரில் இருக்கின்றன. நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாதது. 71 சதவீதப் பங்கு நிறுவனர் குடும்பத்திடம் உள்ளது. அடுத்த தலைமுறைக்குத் தொழிலில் நாட்டமில்லை. அதனால் எல்லாப் பங்குகளையும் நிறுவனமே வாங்கி ரத்து செய்துவிட்டு, பாலிசிதாரர்களே உறுப்பினர்களாக உள்ள பரஸ்பரக் காப்பீட்டு நிறுவனமாக, அதாவது மியூச்சுவலாக, மாறத் திட்டம் போட்டிருக்கிறார்கள். பங்கு ஒன்றுக்கு 500 தருவார்கள்: 200 உடனே, மீதி 300 ஒன்பது சம ஆண்டுத் தவணைகளில், வட்டியில்லாமல். ஏழு வாரத்தில் பாலிசிதாரர் கூட்டம், மறுநாள் பங்குதாரர் கூட்டம்.

அவருடைய கேள்விகள் இவை. “நிறுவனம் எங்களுடையதாகிவிட்டால் பிரீமியம் குறையுமா, போனஸ் கூடுமா? குடும்பம் எங்கள் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போகிறது என்கிறார் ஓர் ஏஜென்ட். பாலிசிகளை இப்போதே சரண்டர் செய்வதா? நாளை நஷ்டம் வந்தால் உறுப்பினர்கள் கையிலிருந்து கட்ட வேண்டுமா? பங்குகளைக் கொடுக்காமல் பிடித்து வைத்தால் அதிக விலை கிடைக்கும் என்கிறார் என் மைத்துனர். ஒரு தரகர் ஒரே தவணையில் 380 தரத் தயாராக இருக்கிறார். என்ன செய்யட்டும்?”

கடிதத்துடன் நிறுவனத்தின் அறிவிப்பையும் ஆக்சுவரி (காப்பீட்டுக் கணிப்பு வல்லுநர்) அறிக்கையையும் அனுப்பியிருந்தார். நிறுவனம் அடையாளம் தெரியக்கூடாது என்பதால் மொத்தத் தொகைகளை விகிதம் மாறாமல் சுருக்கி, வெறும் ‘அலகு’களாகத் தந்திருக்கிறேன்.

பதில்

அன்பு வாசகிக்கு,

முதலில் சரண்டர் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரப்பட்டால் திரும்ப முடியாத சேதம். சரண்டர் செய்யாதீர்கள். உரிமை மாறுவதால் பாலிசி ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறாது. காப்பீட்டுத் தொகை, இதுவரை அறிவித்துச் சேர்த்த ஆண்டு போனஸ், பிரீமியம், முதிர்வுத் தேதி எல்லாம் அப்படியே நிற்கும். 22 ஆண்டு கட்டிய போனஸ் பாலிசியில் சரண்டர் மதிப்பு பெரும்பாலும் சேர்ந்த போனஸின் முழு மதிப்பைத் தராது; முதிர்வில் வரும் இறுதி போனஸும் போய்விடும். மாற்றம் நடக்கும்போது பாலிசி அமலில் இருப்பவர்தான் உறுப்பினர் என்பதையும் மறக்காதீர்கள்.

யார் பணத்தில் யார் வெளியேறுகிறார்கள்

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வேறொரு நிறுவனம் வந்து குடும்பத்தின் பங்கை வாங்கினால் பணம் வெளியிலிருந்து வரும். நிறுவனத்தின் பெட்டகத்தை யாரும் தொட மாட்டார்கள். மியூச்சுவல் ஆகும்போது வாங்குபவர் நிறுவனமே. ஆகவே பங்குதாரருக்குப் போகும் ஒவ்வொரு காசும் நிறுவனத்தின் உபரியிலிருந்துதான் போக வேண்டும். அந்த உபரியில் எது அவர்களுடையது, எது உங்களுடையது என்று பிரித்துப் பார்த்தால்தான் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பது தெரியும்.

உங்கள் நிறுவனத்தின் கணக்கு இப்படி இருக்கிறது. பங்குதாரர் நிதி 180 அலகு. இது சட்டப்படி அவர்களுடைய பணம். நாளைக்கே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தால் ஈவுத்தொகையாக எடுத்துக்கொள்ளலாம். போனஸ் பாலிசி நிதியில், இன்னும் யாருக்கும் ஒதுக்காத உபரி 260. இது தலைமுறை தலைமுறையாகப் பாலிசிதாரர்களுக்கு முழுதாகக் கொடுக்காமல் சேர்த்துவைத்தது. ஆக மொத்தக் கையிருப்பு 440. இடர்களைத் தாங்க நிறுவனம் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச மூலதனம் 200. கையிருப்பை இதால் வகுத்தால் வருவதுதான் சால்வன்சி விகிதம். இப்போது 220 சதவீதம். உங்கள் ஆணையம் கேட்பது 150 சதவீதம், அதாவது 300 அலகு.

பங்குதாரருக்கு ஆண்டுதோறும் வருவது இரண்டு ஓடைகள். போனஸ் நிதியில் பங்கிடும் 60 அலகில் பாலிசிதாரருக்கு 54, அவர்களுக்கு 6. பல நாடுகளில் சட்டமே பத்தில் ஒரு பங்கோடு இதை நிறுத்திவிடுகிறது. டேர்ம் போன்ற, லாபத்தில் பங்கில்லாத பாலிசிகளின் லாபம் சுமார் 12. மொத்தம் 18. மாற்றத்துக்குப் பிறகு இந்த 18-ம் மியூச்சுவலிலேயே தங்கும்.

கொடுக்கும் விலை மொத்தம் 300: முதலில் 120, பிறகு ஆண்டுக்கு 20 வீதம் ஒன்பது ஆண்டு. முதல் 120 பங்குதாரர் நிதியிலிருந்தே போகிறது. அதில் 60 மிச்சமாகிறது. பிறகு ஆண்டுக்கு 20 வெளியே போக, 18 உள்ளே வருகிறது. மிச்சமிருக்கும் 60-ன் வட்டியையும் சேர்த்தால் வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். போனஸ் நிதியின் 260-ஐத் தொடாமலே தவணைகள் முடிந்துவிடும் என்று அறிக்கை சொல்வது இதை வைத்துத்தான். எண்கள் அதை ஒப்புக்கொள்கின்றன. இந்த அளவில் “சுருட்டிக்கொண்டு போகிறார்கள்” என்பது தவறு. தங்களுக்கு வரவிருந்த ஓடையை முன்கூட்டியே விற்றுவிட்டுப் போகிறார்கள்; அதுவும் வட்டியில்லாத் தவணைக்கு. பின்னால் வரும் தவணைகளை 8 சதவீத வட்டியில் கழித்துப் பார்த்தால் 300 என்பது இன்றைய மதிப்பில் சுமார் 245தான். அதில் 180 அவர்களுடைய சொந்தப் பணம். ஆண்டுக்கு 18 தரும் ஓடைக்குப் பாலிசிதாரர் தரப்பு கொடுப்பது மீதி 65. இது மலிவு.

அப்படியானால் எங்கே இடிக்கிறது? முதல் 120 போனதும் கையிருப்பு 320 ஆகிவிடும்; விகிதம் 160 சதவீதம். ஆணையம் கேட்கும் 300-க்கு மேல் இருப்பது வெறும் 20 அலகு. முன்பு 140 இருந்தது. கையிருப்பின் முதலீட்டு வருமானம் வளரும் வணிகத்துக்கான கூடுதல் மூலதனத்துக்கே சரியாகிவிடும். ஒரே ஆண்டில் முதலீட்டிலோ இறப்புக் கோரிக்கையிலோ 20 அலகு அடி விழுந்தால் நிறுவனம் கோட்டுக்குக் கீழே போகும். அப்போது தவணையைக் கொடுப்பதா, போனஸைக் கொடுப்பதா என்ற கேள்வி எழும். தவணை என்பது கடன். போனஸ் என்பது இயக்குநர் குழு ஆண்டுதோறும் எடுக்கும் முடிவு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் வெட்டு விழுவது போனஸில்தான்.

சுருக்கமாக, உங்கள் நிதியின் 260 செலவாகாது. ஆனால் பங்குதாரர் தவணைக்கு ஒன்பது ஆண்டு ஜாமீன் நிற்கும். அந்த ஒன்பது ஆண்டுக்குள் முதிரும் பாலிசிக்காரர்கள் ஜாமீன் நின்றதற்கு ஒன்றும் பெறப்போவதில்லை. பத்தாம் ஆண்டு முதல் 18 அலகும் தாராளமாகக் கிடைக்கும்போது உங்கள் இரண்டு பாலிசியும் முடிந்திருக்கும். நான் இந்தத் திட்டத்தில் குறை சொல்வது இந்த இடத்தில் மட்டும்தான். இதைச் சரிசெய்யவும் வழி உண்டு, கீழே சொல்கிறேன்.

‘உரிமையாளர்’ என்ற பட்டம்

அறிவிப்பின் முதல் பக்கத்தில் “இனி நீங்களே உரிமையாளர்” என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டு உரிமை, பங்கு உரிமை போல நினைத்துக்கொள்ளாதீர்கள். மியூச்சுவலில் உறுப்பினர் உரிமை பாலிசியோடு ஒட்டியது. விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, வாரிசுக்குப் போகாது. பாலிசி முதிர்ந்தாலோ சரண்டர் ஆனாலோ இறப்புத் தொகை வழங்கப்பட்டாலோ உரிமையும் அன்றோடு முடிகிறது. உரிமை இருக்கும்வரை கையில் இருப்பது இரண்டு: இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு, நிறுவனம் கலைக்கப்பட்டாலோ மறுபடி பங்கு நிறுவனமாக மாறினாலோ மிஞ்சுவதில் ஒரு பங்கு.

இரண்டாவது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. வெளிநாட்டார் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகக் கனடா 1957-ல் சட்டத்தைத் திருத்தி ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் மியூச்சுவலாக வழி செய்தது. சன் லைஃப், மேனுஃபேக்சரர்ஸ் லைஃப் போன்றவை அப்படி மாறின. பிறகு 1999, 2000 ஆண்டுகளில் அதே நிறுவனங்கள் திரும்பவும் பங்கு நிறுவனங்களாயின. அமெரிக்காவில் மெட்ரோபாலிட்டன் லைஃப் 1915-ல் மியூச்சுவலாகி 2000-ல் திரும்பியது. இப்படித் திரும்பும்போது தகுதியுள்ள பாலிசிதாரர்களுக்குப் பங்கோ பணமோ கிடைக்கிறது. அதற்கு முன்பே பாலிசி முடிந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கு இருப்பது ஒன்பது ஆண்டு மட்டும். இதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பிரீமியம் குறையுமா? ஏற்கெனவே எடுத்த பாலிசியில் குறையாது, அது ஒப்பந்தம். புதிய பாலிசிகளின் பிரீமியத்தை நிறுவனம் விரும்பினால் குறைக்கலாம்; மேலே பார்த்த கணக்கின்படி ஒன்பது ஆண்டுக்கு அந்த வசதி இருக்காது. போனஸ் கூடுமா என்பதற்கும் அதே பதில்தான்.

நஷ்டத்துக்கு நீங்கள் கட்ட வேண்டுமா? பழைய காலத்துப் பரஸ்பரச் சங்கங்களில் அந்த வழக்கம் இருந்தது. நஷ்டம் வந்தால் உறுப்பினர்களிடம் மேற்கொண்டு வசூலிப்பார்கள். சில பொதுக் காப்பீட்டு மியூச்சுவல்களில் இன்றும் உண்டு. பெரிய ஆயுள் காப்பீட்டு மியூச்சுவல்களில் பிரீமியத்துக்கு மேல் உறுப்பினர் பொறுப்பு ஏதும் இல்லை என்று விதியிலேயே எழுதியிருப்பார்கள். உங்கள் அறிவிப்போடு வந்த வரைவு விதிகளில் 14-ம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அந்தப் பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு வழியில் வருகிறது. மியூச்சுவலில் நஷ்டத்தை முதலில் தாங்கப் பங்குதாரர் என்று ஒருவர் கிடையாது. பிரிட்டனின் ஈக்விட்டபிள் லைஃப் 1762-ல் தொடங்கிய மியூச்சுவல். பழைய ஓய்வூதியப் பாலிசிகளில் கொடுத்த உத்தரவாத விகிதத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று 2000 ஜூலையில், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அந்தச் சுமையை ஏற்க வெளியே யாருமில்லை. அதே ஆண்டு டிசம்பரில் புதிய வணிகத்தை நிறுத்தியது. 2001 ஜூலையில் லாபப் பங்கு ஓய்வூதியப் பாலிசிகளின் மதிப்பை 16 சதவீதம் வெட்டியது. ஓர் உறுப்பினர் கையிலிருந்தும் காசு வாங்கவில்லை, ஆனால் நஷ்டத்தைக் கட்டியவர்கள் அவர்கள்தான். கனடாவில் 1960-களில் மியூச்சுவலான கான்ஃபெடரேஷன் லைஃப் நிலம், கட்டடக் கடன்களில் சிக்கி 1994 ஆகஸ்ட்டில் விழுந்தது. உரிமையின் வடிவம் மோசமான முதலீட்டைத் திருத்தாது.

மியூச்சுவலுக்கு இன்னொரு குறை: மூலதனம் போதாவிட்டால் புதுப் பங்கு வெளியிட முடியாது. உபரியைச் சேர்த்துவைப்பது, மற்ற எல்லாக் கடனுக்கும் பின்னால் நிற்கும் பத்திரங்களை வெளியிடுவது, இடரின் ஒரு பகுதியை வேறு காப்பீட்டு நிறுவனத்திடம் தள்ளும் மறுகாப்பீடு எடுப்பது, இந்த மூன்றுதான் வழி. ஆகவே 160 சதவீதத்தில் நிற்கும் மியூச்சுவல், அதே 160-ல் நிற்கும் பங்கு நிறுவனத்தைவிட ஒரு படி பலவீனம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மியூச்சுவல் ஆவதை நான் எதிர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தத் திட்டம் தோற்றால் நிறுவனம் இன்றிருக்கும்படியே இருக்கும் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. குடும்பம் வெளியேற முடிவு செய்துவிட்டது. தோற்றால் 71 சதவீதத்தை ஏதாவது பெரிய நிறுவனத்துக்கு விற்பார்கள். வாங்குபவர் கொடுக்கும் விலை உங்களைத் தொடாது. கொடுத்ததைத் திரும்ப எடுக்க என்னென்ன செய்வார் என்பது தொடும். செலவுகளைப் போனஸ் நிதியின் தலையில் ஏற்றுவது, போனஸ் பாலிசி விற்பதையே நிறுத்துவது, தன் குழும நிறுவனங்களில் முதலீடு செய்வது எல்லாம் நடக்கக்கூடியவை. கட்டுப்பாட்டுக்கு எவ்வளவு விலை உண்டு என்பதற்கு அமெரிக்காவின் ஈக்விட்டபிள் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் நல்ல சாட்சி (பிரிட்டனின் நிறுவனத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை). மொத்தப் பங்கு மூலதனம் 1,00,000 டாலர். ஈவுத்தொகை 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நிறுவனரின் மகன் ஜேம்ஸ் ஹேசன் ஹைடிடம் இருந்த 502 பங்குகளுக்கு ஆண்டுக்கு வரக்கூடியது 3,514 டாலர். அதை 1905-ல் தொழிலதிபர் தாமஸ் ஃபார்ச்சூன் ரையன் 25 லட்சம் டாலருக்கு வாங்கினார். ஈவுத்தொகைக்காக யாரும் அந்த விலை கொடுக்க மாட்டார்கள். அந்தப் பங்குகளை வைத்திருப்பவர் சொல்வதுதான் பல கோடி டாலர் பாலிசிப் பணத்தின் முதலீட்டு முடிவு. அந்த நிறுவனம் பல கை மாறி 1925-ல்தான் முழு மியூச்சுவலானது.

மியூச்சுவலானால் அந்தக் கட்டுப்பாடு யாரிடம் போகும்? காகிதத்தில் உங்களிடம், நடைமுறையில் நிர்வாகத்திடம். லட்சக்கணக்கான உறுப்பினர்களில் ஓட்டுப் போடுபவர் மிகச் சிலரே. வெளியிலிருந்து யாரும் வாங்கிவிடும் பயமும் நிர்வாகத்துக்கு இருக்காது. வரைவு விதிகளில் 31-ம் பிரிவைப் பாருங்கள்: பாலிசி விண்ணப்பத்திலேயே கையெழுத்தாகும் ப்ராக்ஸி (உங்களுக்காக ஓட்டுப் போட இன்னொருவருக்குத் தரும் அதிகாரம்), திரும்பப் பெறும்வரை செல்லும் என்கிறது. இது நிர்வாகத்துக்குக் கொடுக்கும் நிரந்தர வெற்றுக் காசோலை. ப்ராக்ஸி ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனியாக வாங்க வேண்டும் என்று மாற்றச் சொல்லுங்கள்.

அப்பாவின் 400 பங்குகள்

மைத்துனர் சொல்வது போலப் பங்கைப் பிடித்து வைத்தவர்கள் வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் ப்ருடென்ஷியல் 1915-ல் மியூச்சுவலாக மாறத் தொடங்கியது. சில பங்குதாரர்கள் விற்க மறுத்ததால் 1940-களின் தொடக்கத்தில்தான் வேலை முடிந்தது. இதிலிருந்து மைத்துனர் எடுக்கும் பாடமும் நான் எடுக்கும் பாடமும் ஒன்றில்லை.

வாங்கிய பங்குகளை உடனே ரத்து செய்வதில்லை. பாலிசிதாரர்கள் சார்பில் அறங்காவலர்கள் குழு அவற்றை வைத்திருந்து ஓட்டுப் போடும். தேவையான அளவு சேர்ந்ததும் எல்லாம் ஒன்றாக ரத்தாகும். இந்த இடைக்காலத்தில் உங்கள் 400 பங்கு, அறங்காவலர்கள் ஆளும் நிறுவனத்தில் ஒரு துளி. ஈவுத்தொகை அறிவித்தால் உங்களுக்கும் வரும். ஆனால் பெரும் பங்கு அறங்காவலர்களிடம் இருக்கும்போது ஈவுத்தொகை அறிவிக்க அவர்களுக்கு என்ன அவசரம்? வாங்க ஆளும் இருக்காது. உங்கள் அறிவிப்பின்படி 90 சதவீதம் சேர்ந்துவிட்டால் மீதியைக் கட்டாயமாக வாங்கலாம். விலையில் சம்மதமில்லாதவர் 60 நாளுக்குள் நீதிமன்றத்தில் மதிப்பீடு கேட்கலாம். 400 பங்குக்காக வழக்கறிஞரும் மதிப்பீட்டாளரும் வைத்தால் செலவு லாபத்தைத் தின்றுவிடும். வேறு சிறு பங்குதாரர்கள் கூட்டாகப் போனால் சேர்ந்துகொள்ளலாம். அப்போதும் 60 நாள் கெடுவைத் தவறவிட்டால் உரிமை போயிற்று.

விலை குறைவா? பங்குதாரர் நிதியைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் புத்தக மதிப்பு பங்குக்கு 300. ஓடையையும் சேர்த்தால் 500 நியாயமான எண்தான். வட்டியில்லாத் தவணையால் அது 8 சதவீதக் கணக்கில் 408 ஆகச் சுருங்குகிறது என்பதுதான் பங்குதாரராக உங்கள் குறையாக இருக்க வேண்டும். தரகர் தரும் 380-ஐ இதோடு ஒப்பிடுங்கள். தவணைகளை 12 சதவீதத்தில் கழித்தால் 378 வருகிறது. அதாவது தரகர் தவணைகள் வராமல் போகும் அபாயத்துக்கு 12 சதவீதம் விலை வைக்கிறார். பிணையில்லாத, சால்வன்சி குறைந்தால் நிறுத்திவைக்கக்கூடிய தவணைக்கு அது அநியாயமில்லை. ஆனாலும் இப்போது விற்க வேண்டாம் என்பேன். ஆணையத்தின் உத்தரவு வந்தபின் தவணையின் நிபந்தனைகள் உறுதியாகும். அப்போது தரகர்களின் விலையும் ஏற வாய்ப்புண்டு. இப்போது விற்றால் பங்குதாரர் ஓட்டும் கையைவிட்டுப் போகும். அடுத்த ஆண்டுக்குள் அந்தப் பணம் தேவை என்றால் மட்டும் கணக்கு மாறும்.

பங்கு விற்பனை லாபத்துக்கு வரி உண்டு. அப்பா வாங்கிய விலையா, உங்களுக்கு வந்த நாளின் மதிப்பா, எதிலிருந்து லாபத்தைக் கணக்கிடுவது என்பதும், தவணையாக வரும் தொகைக்கு வரி முதல் ஆண்டிலேயே முழுதும் கட்டுவதா, வரும்போது கட்டுவதா என்பதும் நாட்டுக்கு நாடு வேறுபடும். கையெழுத்திடுமுன் ஒரு கணக்காளரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். முதல் ஆண்டிலேயே கட்ட வேண்டியிருந்தால், முதலில் கைக்கு வரும் 200-லிருந்து முழு 500-க்குமான வரியைக் கொடுக்க நேரும்.

கூட்டத்துக்கு முன் எழுதிக் கேட்க வேண்டியவை

உங்களிடம் இரண்டு ஓட்டு இருக்கிறது, இரண்டும் தனித்தனி. ஒன்றில் ஆம், மற்றதில் இல்லை என்று போட எந்தத் தடையும் இல்லை. உங்கள் கடிதத்தின்படி பாலிசிகளின் எதிர்பார்க்கும் முதிர்வுத் தொகை, பங்குகளின் விலையைப்போலப் பல மடங்கு. ஆகவே இரண்டும் மோதும் இடத்தில் பாலிசியின் பக்கம் நில்லுங்கள். கீழே உள்ளவற்றை நிறுவனச் செயலாளருக்கும், நகலை ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஆணையம் ஒப்புதல் தருமுன் ஆட்சேபங்களைக் கேட்கும். அந்தக் கட்டத்தில்தான் திட்டத்தைத் திருத்த முடியும். ஓட்டெடுப்பில் ஆம், இல்லை என்ற இரண்டுக்கு மேல் இடமில்லை.

*தவணைக்கு முன் சால்வன்சி.* எந்த ஆண்டிலும் தவணை கொடுத்தபின் விகிதம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகுமானால், ஆணையத்தின் அனுமதியில்லாமல் அந்தத் தவணை கொடுக்கக் கூடாது என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? அறிவிப்பில் “இயக்குநர் குழு தள்ளிவைக்கலாம்” என்றுதான் இருக்கிறது. ‘லாம்’ போதாது, ‘வேண்டும்’ என்று வர வேண்டும். அளவு 165 சதவீதம் என்று கேளுங்கள். முதல் தொகை கொடுத்த அன்றே விகிதம் 160 என்பதால் இது முதல் தவணையிலேயே உரசும். அதைத் தீர்க்க முதல் தொகையை 120-லிருந்து 100 ஆகக் குறைக்க வேண்டியிருக்கும். அந்தப் பேச்சு நடக்கட்டும் என்பதுதான் நோக்கம்.

*ஒன்பதுக்குப் பதில் பன்னிரண்டு.* 180 அலகைப் பன்னிரண்டு ஆண்டில் கொடுத்தால் ஆண்டுத் தவணை 15. வரும் 18-ல் 3 மிஞ்சும். அதை அந்தந்த ஆண்டு முதிரும் பாலிசிகளின் இறுதி போனஸில் சேர்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஜாமீனுக்கான கூலி இது. எல்லாருக்கும் பங்கிட்டால் 54-ல் 3, கண்ணுக்கே தெரியாது. முதிர்பவர்களுக்கு மட்டும் என்றால் பொருளுண்டு. பங்குதாரராக உங்களுக்கு இதனால் இழப்பு உண்டு: இன்றைய மதிப்பு 408-லிருந்து 388 ஆகும், 400 பங்குக்கு 8,000. குடும்பம் தயங்கும், அவர்களுக்கு இழப்பு பெரிது. ஆனாலும் வேறு வாங்குபவரைத் தேடி மறுபடி ஓராண்டு அலைவதைவிட இது மலிவு என்று அவர்களும் கணக்குப் போடுவார்கள்.

*யாருடைய ஆக்சுவரி?* அறிக்கை எழுதியவர் நிறுவனத்தின் ஆலோசகர். பாலிசிதாரர்களின் நலனுக்கு மட்டும் பதில் சொல்லும் தனி ஆக்சுவரியின் அறிக்கை இருக்க வேண்டும். அவர் கட்டணத்தை நிறுவனம் கொடுக்கலாம், நியமனத்தை ஆணையம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அறிக்கையில் பார்க்க வேண்டிய பக்கம் முதலீட்டு வருமானம் இரண்டு சதவீதப் புள்ளி குறைந்தால் என்ன ஆகும் என்ற அட்டவணை. இப்போது வந்த அறிக்கையில் வருமானம் அரைப் புள்ளி குறைவதோடு சோதனையை நிறுத்திவிட்டார்கள். இயக்குநர் குழுவில் இருக்கும் குடும்ப உறுப்பினர்கள் விலை குறித்த தீர்மானத்தில் ஓட்டுப் போட்டார்களா என்பதையும் கேளுங்கள். விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்தத் தீர்மானம் செல்லுமா என்பதே கேள்வி.

*செலவு யார் கணக்கில்?* மதிப்பீடு, வழக்கறிஞர், கூட்டம், லட்சக்கணக்கான அஞ்சல் எல்லாம் சேர்ந்தால் சிறு தொகை இல்லை. அது பங்குதாரர் நிதியிலிருந்து போக வேண்டும். அறிவிப்பு இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

*டேர்ம் பாலிசிக்கு ஓட்டு உண்டா?* சில மியூச்சுவல்களில் எல்லாப் பாலிசிதாரரும் உறுப்பினர்; சிலவற்றில் போனஸ் பாலிசிதாரர் மட்டும். டேர்ம் பாலிசி லாபம்தான் ஓடையில் பெரிய பகுதி என்பதால் அந்தப் பாலிசிதாரர்கள் இதைக் கேட்க உரிமை உண்டு. உங்களுக்கு எப்படியும் ஓட்டு இருக்கிறது, ஆகையால் இது கடைசி.

முதல் இரண்டு கோரிக்கைகளில் ஒன்றையாவது ஏற்றால், பாலிசிதாரராக ஆம் என்று போடுங்கள். இரண்டையும் மறுத்து, தனி ஆக்சுவரியும் இல்லை என்றால், இல்லை என்று போடுங்கள். பெரிய நிறுவனத்துக்கு விற்கும் அபாயம் இருந்தாலும், ஆணையம் ஒவ்வொரு உரிமை மாற்றத்தையும் தனியாக ஆராயும். பங்குதாரர் கூட்டத்தில் இரண்டு நிலையிலும் ஆம் என்று போடலாம். திட்டம் நிறைவேறிப் பங்கைக் கொடுக்கும்போது அப்பாவின் பெயரில் இன்னும் பழைய பத்திரம் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றம் முடியாத பங்குக்கு முதல் 200-ஐ நிறுத்திவைப்பார்கள் என்று அறிவிப்பின் 22-ம் பக்க அடிக்குறிப்பு சொல்கிறது. இப்போது வந்திருக்கும் ப்ராக்ஸி படிவத்தில் நிர்வாகத்தின் பெயர் ஏற்கெனவே அச்சிட்டிருக்கிறது. நேரில் போக முடியாவிட்டால் அதை அடித்துவிட்டு, நீங்கள் நம்பும் ஒருவர் பெயரை எழுதி, ஆம் அல்லது இல்லை என்பதையும் குறித்தே அனுப்புங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஆம் என்றே எண்ணப்படும்.